பரணில் இருந்த டின்னர் செட்

செண்பகம் வாழவந்த நாள் முதல் அந்த வீட்டுக்குத் தண்ணீர் சுமந்தது பித்தளைக் குடம்தான். அவள் கல்யாணத்துக்குப் பரிசாக வந்த டின்னர் செட்டோ, சுற்றிய காகிதம்கூடப் பிரிக்காமல் பரணில் படுத்திருந்தது.

சொந்தத்தில் ஒரு கல்யாணம் வந்தது. பரிசு வாங்க செண்பகத்தின் கையில் காசில்லை. அந்த நேரம் பார்த்துத் தெருவில் பழைய பாத்திரக்காரன் குரல் கேட்டது.

குடம் பரணைப் பார்த்துக் கெஞ்சியது. "அண்ணே, கல்யாணத்துக்கு நீ போயேன். பரிசா வந்தவன் பரிசாவே போகலாமே. உன்னை இங்கே யாரு தேடப்போறாங்க?"

"யாரும் தேடாததாலதான்பா இன்னும் புதுசா இருக்கேன்," என்றது டின்னர் செட். "உன் உடம்பைப் பாரு, எத்தனை நசுங்கல்."

"எல்லாம் இந்த வீட்டுக்காக நசுங்கினது."

"உன்னை யாரு நசுங்கச் சொன்னா?"

செண்பகம் ஸ்டூல் போட்டு ஏறி டின்னர் செட்டை எடுத்தாள். குடத்துக்கு மூச்சு வந்தது. அவள் முந்தானையால் தூசியைத் துடைத்தாள். "இவ்வளவு நல்லதை யாராவது தூக்கிக் குடுப்பாங்களா?" என்று சொல்லிக்கொண்டே மறுபடியும் பரணில் வைத்தாள். இறங்கி வந்து, குடத்தில் இருந்த தண்ணீரை வாசலில் கொட்டினாள்.

குடம் விற்ற காசில் ஒரு டின்னர் செட் வாங்கிக்கொண்டு கல்யாணத்துக்குப் போனாள். அந்த வீட்டிலும் அதைப் பிரிக்காமல் பரணில் ஏற்றினார்கள்.