கைக்குழந்தை

'என்னைப் பாதித்த சமூகப் பிரச்சினை' என்பது அந்தப் பேச்சுப் போட்டியின் தலைப்பு. தமிழ் படித்தவன் என்று என்னை நடுவராக உட்கார வைத்திருந்தார்கள். வற்றிப்போன ஏரிக்காக அழுத பையன், மேடையிலிருந்து இறங்கும்போது நண்பனைப் பார்த்துக் கண்ணடித்தான். எல்லோருக்கும் ஒரே இடத்தில் கை உயர்ந்தது, ஒரே இடத்தில் குரல் உடைந்தது.

ஏழாவதாக வந்தவள் சுகிர்தா, பிளஸ் ஒன். போன வருடம் ஒரு தேர்தல் ஊர்வலத்துக்குள் ஆம்புலன்ஸ் சிக்கி நின்றதில் ஒரு பெண் செத்துப்போன செய்தியைப் பேசினாள். அந்தப் பெண் என் மனைவி. அங்கே யாருக்கும் அது தெரியாது.

"அவள் விட்டுச் சென்ற கைக்குழந்தை இன்றும் பாலுக்கு அழுகிறது, உங்கள் காதில் விழவில்லையா?" என்று கேட்டு, இரண்டு கைகளையும் தொட்டிலாக்கி ஆட்டினாள்.

எங்களுக்குக் குழந்தை கிடையாது. அரங்கம் கைதட்டியது. பக்கத்து நடுவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இதுக்குத்தான் சார் ஃபர்ஸ்ட்" என்றார். உடல்மொழிக்குப் பத்துக்குப் பத்து போட்டேன்.

பரிசளிப்பு முடிந்ததும் கோப்பையை மார்போடு அணைத்தபடி என்னிடம் வந்தாள்.

"சார், எதுல மார்க் குறைஞ்சுது? அடுத்து ஸ்டேட் லெவல் போறேன்."

"அந்தக் குழந்தைக்கு என்ன பேரு?"

திருதிருவென்று விழித்தாள். "மிஸ் எழுதிக் குடுத்ததுல அது இல்லையே சார்."

"அப்ப நீயே ஒண்ணு வையி."

கோப்பை அவள் கையில் தானாக ஆடிக்கொண்டிருந்தது.

"பையனா சார், பொண்ணா?"