கண்ணளவு

மாப்பிள்ளை என் காலில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். கப்பலில் வேலை பார்க்கிற பையன். குறை சொல்ல ஒன்றுமில்லை.

பொண்ணு மட்டும் நின்றபடியே கும்பிட்டாள். என் கூடப்பிறந்த தங்கச்சி மகள். நான் தாய்மாமன்!

"ஆசீர்வாதம் பண்ணுங்க மாமா" என்றாள் சந்தனச்செல்வி, கொடிக்கம்பம் மாதிரி நிமிர்ந்து.

கடனே என்று கையைத் தூக்கிவிட்டு மேடையைவிட்டு இறங்கினேன்.

அவள் போட்டிருந்ததே நான் எடுத்துக் கொடுத்த துணிதான். கடைக்குச் சரக்கெடுக்க டெல்லி போனபோது, ரிசப்ஷனுக்கென்று ஆசையாக வாங்கினது. மெரூன் கலர் வெல்வெட் சுடிதார், அதற்குத் தோதாகக் கனமான கைத்தறித் துப்பட்டா. வைகாசி மாசத் தூத்துக்குடியில் வெல்வெட் போட்டால் பிள்ளை புழுங்கிப்போவாள் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் நாலு பேர் "யாரு எடுத்தது?" என்று கேட்க வேண்டுமே.

"அளவு வாங்கிட்டுப் போங்கண்ணே" என்று தங்கச்சி செல்வராணி அப்போதே கெஞ்சினாள்.

"இருபத்தஞ்சு வருசமா துணிக்கடை வச்சிருக்கேன். என் கண்ணுதாம்ளா டேப்பு" என்று சொல்லிவிட்டு ரயிலேறினேன்.

வேலைப்பாடெல்லாம் முதுகுப் பக்கம்தான். கழுத்திலிருந்து இடுப்பு வரைக்கும் ஜரிகை. அந்த முதுகைத்தான் இந்தப் பிள்ளை துப்பட்டாவால் இழுத்துப் போர்த்திக்கொண்டு நின்றாள், குளிர்காய்ச்சல்காரி மாதிரி. நாலு பேர் என்ன, ஒருத்தர்கூடக் கேட்கவில்லை.

நேரே வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டினேன்.

"ஏளா செண்பகம், கெளம்பு. இங்கன நமக்குச் சாப்பாடு வேண்டாம்."

என் மனைவி முந்தானையைத் தோளோடு பிடித்துக்கொண்டு ஓடி வந்தாள். எனக்கு இருந்த எரிச்சலில் அதுவும் கண்ணைக் குத்தியது.

"சாயங்காலத்துல இருந்து பாக்கேன், சேலையப் பிடிச்சுக்கிட்டே அலையுத. ஒரு ஊக்கு குத்தக்கூடாதா? வீட்டுல டப்பா நெறைய கெடந்துதே?"

"கெடந்துது" என்றாள்.

"மாமன்னு ஒரு மரியாதை வேண்டாமா? என்னமா வெறச்சுக்கிட்டு நிக்கா பாத்தியா?"

செண்பகம் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"சொல்லக்கூடாதுன்னுதான் இருந்தேன். நீங்க எடுத்தது அவளுக்குப் பத்தல. முதுகுல நாலு விரக்கடை சேரவே இல்ல. நம்ம கடை வாசல்ல தைக்கிற மகாராஜன் அண்ணாச்சிகிட்ட கொடுத்துப் பாத்தோம். வெல்வெட்டைப் பிரிச்சா பழைய ஊசி ஓட்டை அப்படியே தெரியும், நான் தொட மாட்டேன்னுட்டாரு."

"என் கடை வாசல்ல உக்காந்துக்கிட்டு என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே அந்த ஆளு!"

"ஒங்ககிட்ட யாரு சொல்லுவா? செல்வராணி பட்டுச்சேலை எடுத்து வச்சா. இந்தப் பிள்ளதான் கேக்கல. 'மாமா மொத வரிசையில உக்காந்து பாப்பாங்க அத்தை, மொகம் வாடிரும்'னு சொல்லி, முதுகுல பதினேழு ஊக்கு குத்திக்கிட்டு நிக்கா. என் ஊக்கும் அங்கனதான் இருக்கு. குனிஞ்சா அத்தனையும் தெறிச்சிரும்."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. இந்தக் கண் அவளை உருப்படியாகப் பார்த்து எத்தனை வருசம் ஆகியிருக்கும்? ப்ளஸ் டூ படிக்கும்போது பார்த்த பிள்ளைக்குத்தான் டெல்லியில் துணி எடுத்திருக்கிறேன். கண் கலங்கிவிட்டது. துண்டால் துடைத்துக்கொண்டு, மாட்டின செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு மறுபடியும் மேடையேறினேன்.

சிவந்த கண்ணோடு நான் வருவதைப் பார்த்ததும் பிள்ளை பயந்துவிட்டாள். மாமாவுக்குக் கோபம் தீரவில்லை என்று நினைத்துவிட்டாள் போல. துப்பட்டாவை இறுக்கிப் பிடித்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு என் காலைப் பார்த்துக் குனியப் போனாள்.

"ஏளா, குனியாத!"

பாய்ந்து போய் அவள் தோளைப் பிடித்து நிறுத்தினேன். "மாமன் கால்ல நீ விழவே வேண்டாம் தாயி. நிமிந்தே நில்லு."

மண்டபமே திரும்பிப் பார்த்தது. மாப்பிள்ளையின் அப்பா லிங்கராஜ் எழுந்து வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"பொம்பளப்பிள்ள யாரு கால்லயும் விழக்கூடாதுன்னு நெனைக்க மனசு எத்தனை பேருக்கு வரும்? தாய்மாமன்னா இப்படில்லா இருக்கணும்! பெரிய மனுசன் அண்ணாச்சி நீங்க!"

முன்வரிசையில் கைதட்டினார்கள். கீழே செண்பகம் ஒரு கையால் சேலையைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

என் முதுகில் ஊக்கு ஒன்றும் இல்லையே. நன்றாகவே குனிந்து, சபையைக் கும்பிட்டு, அந்தப் பெருமையை வாங்கிக்கொண்டேன்.