வெள்ளிக்காசுக்கு வெள்ளக் கவரு

எண்பத்தேழு செப்டம்பர். இட ஒதுக்கீடு கேட்டு எங்க பாத்தாலும் சாலை மறியல். கள்ளக்குறிச்சியிலருந்து உளுந்தூர்பேட்ட வரைக்கும் ரோட்டுல பஸ்சு ஓடல. வெட்டுன புளியமரந்தான் குறுக்க படுத்துக்கெடந்துச்சு.

அந்த வாரம் பாத்துதான் தாலுகா ஆபீசு கிளார்க் அரங்கநாதன் தலையில ஒரு பானை வந்து விடிஞ்சுது.

மலையடிவாரத்துல வீரமுத்து நெலத்துல கெணறு வெட்டுனப்ப, பாவாடைங்கற கூலியாளோட கடப்பாரையில தட்டுப்பட்ட பானை. உள்ள நாப்பத்தோரு வெள்ளிக்காசு, நவாபு காலத்துது. கூட வேல செஞ்ச எட்டு பேரும் பாத்துட்டாங்க. பாவாடை நேரா ஆபீசுக்குத் தூக்கியாந்து மேச மேல வெச்சுட்டான். பொதையல் கவர்மெண்டுக்கு, கடலூருக்கு அனுப்பணும். ஆனா ரோடு தொறக்கணுமே!

"அரங்கநாதன், ரோடு தொறக்கற வரைக்கும் நீங்கதான் பொறுப்பு. ஒரு காசு கொறஞ்சாலும் சரி, ஒரு காசு கெட்டாலும் சரி, பென்ஷன மறந்துடுங்க"ன்னாரு தாசில்தார். அரங்கநாதன் ரிட்டயர் ஆவ எட்டு மாசந்தான் இருந்துச்சு.

மொத நாளு எல்லாத்தையும் துணிப்பையில போட்டு பீரோவுல வெச்சாரு. கடலூர்லருந்து மியூசியத்துக்காரரு போன்லயே கத்துனாரு. "காசோட காசு ஒரசுனா கீறல் வுழும்யா! தனித்தனியா வைய்யி!"

ரெண்டாம் நாளு தனித்தனியா பிளாஸ்டிக் பையில போட்டு, ரப்பர் பேண்டு சுத்துனாரு. "ரப்பர் பட்டா வெள்ளி கறுத்துடும்! பிளாஸ்டிக்குல பச்ச புடிக்கும்! நீ இன்னா காசு வெக்கறியா, ஊறுகா போடறியா?"ன்னு மறுபடி கத்தல்.

கடைசியா சொன்னதுதான் சரியான வழி. வெள்ளக் காயிதத்துல சின்னச் சின்ன கவரு ஒட்டணும். ஒரு கவருல ஒரு காசு. குண்டூசி கூடாது, ஈரம் ஆவாது, வெரல்ல தொடாம ஓரத்தப் புடிச்சுதான் எடுக்கணும்.

இந்தக் கூத்தெல்லாம் நடக்கறப்ப பாவாடை தெனமும் வாசப்படிகிட்ட குந்திக்கினு பாத்துக்கினே இருந்தான். பஸ்சு இல்ல. பன்னெண்டு கிலோமீட்டர் நடந்தே வந்துக்கினு இருந்தான்.

"வூட்டுல வேல இல்லியாய்யா?"

"கெணத்து வேல நின்னுபோச்சு சார். நம்ம கையால எடுத்ததாச்சே, எப்டி கீதுன்னு பாக்க வந்தேன்."

பியூன் சின்னதுரை காதுல ஊதுனான். "சார், அவன் காச பாக்கல. பூட்ட பாக்கறான்."

அன்னிலருந்து பீரோ சாவி அரங்கநாதனோட அரணாக்கயித்துக்கு ஏறிடுச்சு. குளிக்கப் போனாலும் சாவி கூடவே குளிச்சுது.

பாவாடை கேட்ட கேள்வியெல்லாம் ஒரு தினுசா இருந்துச்சு.

"ஏன் சார், பீரோவுலயே வெக்கணுமா? நெல்லுக் குதிருல வெச்சா ஆவாதா?"

"ஈரமில்லாம இருந்தா எங்கயும் வெக்கலாம். உனக்கு எதுக்குய்யா?"

"சும்மாதான் சார். ஒருத்தன் தெரியாத்தனமா புளி போட்டு வெளக்கிட்டான்னு வெய்யுங்க, அப்ப?"

"வெல போச்சு. பழசு பழசாட்டம் இருந்தாதான் அதுக்கு மவுசு."

பாவாடை மொகம் செத்துப்போச்சு. "மொத்தமா போயிருமா சார், பாதியாவது தேறுமா?"

அரங்கநாதனுக்குப் புரிஞ்சுபோச்சு. களவாண்டு, வெளக்கி, விக்கற வரைக்கும் படுபாவி திட்டம் போட்டுட்டான்! போலீசுக்கு சொல்லலாம்னா, போலீசு பூரா ரோட்டுல மரம் அறுத்துக்கினு இருந்துச்சு. கண்ணுக்கு எதிர்லயே வெச்சுக்கறதுதான் நல்லதுன்னு, அவனையே கூப்பிட்டு உக்காரவெச்சு கவரு ஒட்ட சொன்னாரு. நாசூக்கா நூறு கவரு ஒட்டிக் குடுத்தான்.

ஒருவழியா ரோடு தொறந்து கடலூர் ஜீப்பு வந்துச்சு. மியூசியத்துக்காரரு ஒவ்வொரு கவரா பிரிச்சுப் பாத்தாரு. நாப்பத்தொண்ணும் இருந்துச்சு. ஒரு கீறல் இல்ல, ஒரு பச்ச இல்ல. அரங்கநாதன் கைய புடிச்சுக் குலுக்குனாரு. 'நேரில் விசாரித்ததில் இவை தவிர வேறு புதையல் ஏதுமில்லை'ன்னு எழுதி நீட்டுன காயிதத்துல அரங்கநாதன் சந்தோசமா, கொஞ்சம் பெரிசாவே கையெழுத்து போட்டாரு.

ஜீப்பு போனப்புறந்தான், வாசப்படியில குந்தியிருந்த பாவாடையப் பாத்து மனசு உறுத்துச்சு. எவ்ளோ நல்ல மனுசன், இவனப் போயி திருடன்னு நெனச்சுட்டமே!

"பாவாடை, உன்ன ஜாஸ்தியா சந்தேகப்பட்டுட்டேன்யா. மனசுல வெச்சுக்காத. உனக்கு இன்னா வேணும் கேளு."

"ஒண்ணும் வேணாம் சார். மீந்த கவரு இருந்தா குடுங்க, வெத போட்டு வெக்க ஆவும்."

அம்பத்தொம்போது கவரையும் அள்ளிக் குடுத்தாரு. கண்ணு கலங்கிடுச்சு அவருக்கு.

நாலு நாளு கழிச்சு ஒரு பொம்பள ஆபீசுக்கு வந்தா. சின்னதுரை டீ வாங்கப் போயிருந்தான். அரங்கநாதன் மட்டுந்தான் இருந்தாரு.

"பாவாட சம்சாரம் குஞ்சம்மாளுங்க. எல்லாம் நீங்க சொல்லிக் குடுத்ததுதானாமே, வூட்டுல ஒங்க பேச்சாத்தான் கீது. இந்தாங்க."

மேச மேல அஞ்சு வெள்ளக் கவரு வெச்சா. குண்டூசி இல்ல, ரப்பர் பேண்டு இல்ல. ஒவ்வொண்ணுலயும் வட்டமா என்னவோ பொடைச்சுக்கினு இருந்துச்சு. அரங்கநாதன் ஒண்ணப் பிரிச்சு ஓரத்தப் புடிச்சு எடுத்தாரு, அதே நவாபு காலத்து வெள்ளிக்காசு.

"இது உங்க பங்குங்க சார், அப்புறம் ஒரு கட்டு வெள்ளக் காயிதம் வாங்கியாரச் சொன்னாரு, பெரிய பானைய இன்னும் தொறக்கவே இல்லீங்க."