ஓட்டுகிறவள் எடை

பந்தயப் பட்டியலிலிருந்து மகள் பேரை எடுத்துவிடச் சொல்லி அவர் ஆள் அனுப்பிவிட்டார்.

பயிற்சிச் சுற்றில் எல்லோரும் பார்த்தார்கள். பிரேக்கை மிதித்த இடத்திலெல்லாம் மகளின் ஸ்போர்ட்ஸ் கார் இடப்பக்கம் ஓடியது. கடைசி வளைவில் டயர்ச் சுவரை உரசிக்கொண்டு நின்றது. மேலே பார்வையாளர் கூரையடியில் உட்கார்ந்திருந்த சம்பந்தி வீட்டாரில் யாரோ சிரித்தார்கள்.

மகள் பிழைத்தாள். மானம்தான் பிழைக்கவில்லை.

அவள் ஹெல்மெட்டைக் கழற்றினாள். காரைச் சுற்றி வந்தாள். நான்கு சக்கரங்களையும் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"வீல் அலைன்மென்ட் வெக்கறப்ப சீட்டுல யாருங்கப்பா உக்காந்தது?"

"உங்கண்ணன். பின்ன, பட்டறையில அத்தன ஆம்பளைக நடுவுல நீயா போயி உக்காருவ?"



ஓட்டுகிறவர் எடையை இருக்கையில் ஏற்றித்தான் பந்தயக் காரின் சக்கரங்களை நேராக்குவார்கள். மகன் ஆனை மாதிரி. இவள் ஈர்க்குச்சி.

கார் நேராகத்தான் இருந்தது. அவனுக்கு.

கூலிக்குப் பேசிய மெக்கானிக் வேறு யாருடைய காருக்கடியிலோ கிடந்தான். அவளே ஸ்பேனரை எடுத்தாள். உட்கார, தன் எடைக்கு ஓர் ஆள் வேண்டும் என்றாள்.

"என்ர ரவிக்கைதான அவளும் போடறா" என்றபடி அவர் மனைவி எழுந்தாள்.

"நீ எங்க போற?"

"எடைக்குத்தானுங்க."

பட்டுச்சேலையை வரிந்து செருகினாள். இருக்கையைச் சுற்றிய இரும்புக் குழாய்க் கூண்டின் மேல் காலைத் தூக்கிப் போட்டு உள்ளே இறங்கினாள். வீட்டுக் காரில் முன்சீட்டில்கூட உட்காராதவள்.

மேலிருந்து மருமகளின் தம்பி கத்தினான். "ஏனுங் மாமா, அத்தையும் ரேஸுக்குங்களா?"

அவர் காது சிவந்தது.

"ஸ்டீயரிங்க நேராப் புடிச்சுக்கம்மா" என்றாள் மகள். "மூச்சு மட்டும் விடு."

மனைவி பிடித்தாள்.

சக்கரம் நேரா என்று அளக்க, காரின் இருபுறமும் ஸ்டாண்டுகளில் நூல் ஏறியது. மகள் தரையில் படுத்து, நூலுக்கும் சக்கர விளிம்புக்கும் நடுவில் ஸ்கேலை வைத்தாள். நட்டைத் திருகினாள், நகக்கண் அளவு. மறுபடி ஸ்கேல்.

பின்னால் நூல் கட்டியிருந்த ஸ்டாண்டு சரிந்தது.

"அப்பா, அந்த முனையப் புடிங்க."

அவர் நின்றபடியே பிடித்தார்.

"இன்னுங் கீழ. சக்கரத்து நடுவுக்கு."

சாமி முன்னால் தவிர வேறெங்கும் மடங்காத முழங்கால். மடங்கியது. வெள்ளை வேட்டி கிரீஸில் படிந்தது.

குனிந்த பிறகுதான் தெரிந்தது.

நூல் அவர் விரலில் தொடங்கிப் பின்சக்கரத்தைத் தொடாமல் போயிற்று. கதவைத் தொடாமல் போயிற்று. முன்சக்கரத்தைத் தாண்டி வெயிலுக்குள் போய் மறைந்தது. அவ்வளவு நேரான ஒன்றை அவர் அதுவரை கையில் பிடித்ததில்லை.

நட்டு திரும்பியது. சக்கரம் அசைந்தது கண்ணுக்குத் தெரியவில்லை. நூலுக்கும் விளிம்புக்கும் நடுவே கிடந்த வெளிச்சக் கீற்று மட்டும் ஒருபக்கம் மெலிந்தது. மறுபக்கம் தடித்தது. முன்னும் பின்னும் ஒன்றாகிக்கொண்டே வந்தது.

பக்கக் கண்ணாடியில் மனைவியின் முகம்.

இமைக்கவில்லை. ஓடுகளத்தைப் பார்த்தபடி இருந்தாள், ஏற்கெனவே அதில் போய்க்கொண்டிருப்பவளைப் போல.

யார் வீட்டுப் பெண்கள் இவர்கள்!

அவருக்கு உடம்பு சிலிர்த்தது. பிடி அசைந்துவிடக் கூடாதே என்று மணிக்கட்டை மறுகையால் அழுத்திக்கொண்டார். மேலே சிரிப்புக் கேட்டது. யாருடையது என்று நிமிர்ந்து பார்க்கவில்லை.

முதுகுக்குப் பின்னால் காலடிச் சத்தம். பந்தய அலுவலர் பேனாவோடு குனிந்தார்.

"பேர எடுக்கச் சொன்னீங்களாமாங்க ஐயா. அடிச்சிரலாங்களா?"

அவர் திரும்பவில்லை.

"மெதுவாப் பேசுங்க" என்றார். "நூல் ஆடுது."