டாக்னி ஓட்டி வந்த விமானம்

அலாஸ்காவின் இந்த ஏரிக்குச் சாலை கிடையாது; வருவதென்றால் வானத்து வழிதான். ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நிற்கிறாள், கரையில் குடியிருக்கும் இங்கா. ஜூன் மாத வெயில் ஏரியெங்கும் கண் கூச மினுங்குகிறது. ஊசியிலை மரங்களுக்கு மேலே, கொசுவின் ரீங்காரம்போல் தொடங்கிய இன்ஜின் சத்தம் பெருத்துக்கொண்டே வருகிறது. இரண்டு வருடத்துக்கு முன் விமானத்தோடு மலைக்கணவாயில் விழுந்து கால் முறிந்த தங்கை டாக்னி, அதற்குப் பிறகு முதன்முறையாகத் தனியே ஓட்டி வருகிறாள். மஞ்சள் விமானம் தாழ்கிறது. சக்கரங்களுக்குப் பதில் பொருத்திய மிதவைகள் தண்ணீரைத் தொட்டு, இரண்டு வெள்ளைக் கோடுகளைக் கிழித்தபடி வந்து, கரையோரம் வேகம் தணிகின்றன. இன்ஜின் நிற்கிறது. அலை மட்டும் வந்து இங்காவின் முழங்காலில் மோதுகிறது. கதவைத் திறந்து, இடதுகாலை லேசாக இழுத்தபடி மிதவைமேல் இறங்கும் டாக்னி, கயிற்றை அக்காவிடம் வீசுகிறாள்.

“வராதேன்னு போன்ல எத்தனை தடவைடி சொன்னேன்?”

“நீ சொன்னதாலதான்க்கா வந்தேன். இந்தா, முட்டை அட்டையைப் பிடி. ஒண்ணுகூட உடையல, திறந்து பாரு.”

“கொழுப்புடி உனக்கு!”

இங்கா அட்டையை வாங்கிக்கொள்கிறாள். தங்கை விழுந்த நாளிலிருந்து அவளும் எந்த விமானத்திலும் ஏறவில்லை. ஊரிலிருக்கும் அம்மாவைப் பார்த்தும் அத்தனை நாளாகிறது. முட்டைகளைக் கரையில் வைத்துவிட்டு, கயிற்றை மரத்தில் கட்டி முடித்தவள், விமானத்தைத் திரும்பிப் பார்க்கிறாள்.

“நாளைக்கு நீ திரும்பறப்போ பக்கத்து சீட்டு காலியாத்தானே இருக்கும்?”

“ஆமா. ஏன்க்கா?”

“அம்மாவைப் பாக்கணும்டி.”