பசைக் கம்பெனிப் பாக்கி

இதை எனக்கு முதலில் சொன்னவள் என் தங்கையின் மகள். அட்டைப்பெட்டி செய்யும் சிறிய தொழிற்கூடம் ஒன்றில் அவள் கணக்கு எழுதுகிறாள். தன் முதலாளியைத் திட்டியபடியேதான் சொல்லத் தொடங்கினாள்.

பெட்டி ஒட்டும் பசை வாங்கிய வகையில் அவர்கள் ஒரு கம்பெனிக்குத் தரவேண்டியிருந்தது முப்பத்தெட்டாயிரத்து நானூற்று ஐம்பத்தொரு ரூபாய். அந்தக் கம்பெனி அண்மையில் கைமாறியிருந்தது. பழைய பாக்கி ஒரு ரூபாய்கூட மிச்சமின்றித் தீர்ந்தால்தான் இனிப் பசை தருவோம் என்று புதிய உரிமையாளர் எழுதிவிட்டார்.

பெட்டிக்கார முதலாளி தம் கையாலேயே தொகையை அடித்து வங்கி வழியாக அனுப்பினார். கடவுச்சொல்லை அவர் மனைவிக்குக்கூடச் சொல்வதில்லை.

மறுநாள் காலை பசைக் கம்பெனியில் கணக்கு எழுதும் அம்மாள் தொலைபேசியில் அழைத்தார்.

“ஏம்மா, நானூத்தி அம்பத்தொண்ணுக்குப் பதிலா நானூத்திப் பதினஞ்சு வந்திருக்கு. முப்பத்தாறு ரூபா குறையுது.”

“அவ்வளவுதானே அக்கா? இப்பவே அனுப்பச் சொல்றேன்.”

“முப்பத்தாறு ரூபாய்க்கு என்ன தலைபோற அவசரம்?” என்றார் முதலாளி. ஒரு வாரம் கழித்து அனுப்பினார். அறுபத்து மூன்று ரூபாய்!

“இப்போ இருபத்தேழு கூட வந்துடுச்சு. திருப்பி அனுப்பிடட்டுமா?” என்றார் அந்த அம்மாள்.

“வாய்வார்த்தையா சொன்னா எப்படி? கடிதம் எழுதச் சொல்லு,” என்றார் முதலாளி.

கடிதம் வந்தது. அதில் தேதி இல்லை என்று திருப்பி அனுப்பினார். தேதியுடன் மீண்டும் வந்தது. பின்னாலேயே இருபத்தேழு ரூபாயும் வந்து சேர்ந்தது.

அத்துடன் முடிந்திருக்க வேண்டும்.

“நம்ம தப்புக்கு அவங்க ஏன் பேங்குக்குக் கட்டணம் கட்டணும்? எவ்வளவு பிடிச்சாங்கன்னு கேளு.”

“விடுங்க சார்!”

“கேளுன்னா கேளு. நாமே தர்றோம்னு எழுதியும் கொடு.”

இருபத்தொரு ரூபாய் பிடித்திருந்தார்கள். எழுத்து மூலம் ஒப்புக்கொண்டதால் அதுவும் பாக்கியாகக் கணக்கில் ஏறியது. முதலாளி அனுப்பியது பன்னிரண்டு.

“உங்க முதலாளிக்கு மூளையையும் திருப்பி மாட்டிட்டாங்களா?” என்று அந்த அம்மாள் கத்தியது அறை முழுவதும் கேட்டது.

இதற்குள் கிடங்கில் பசை தீர்ந்துவிட்டது. முதலாளியே தெருமுனைக் கடையில் ஒன்றரை மடங்கு விலைக்குச் சின்னச் சின்ன டப்பாவாக வாங்கிப் பையில் சுமந்துகொண்டு வந்தார். பத்து மணிக்கெல்லாம் அதுவும் காலியாகும். வேலை செய்யும் பெண்கள் முப்பது பேரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

“அண்ணே, ஊசி நூல் வாங்கிக் கொடுங்க, பெட்டியைத் தைச்சுக் கொடுத்துடறோம்,” என்றாள் ஒருத்தி. மற்றவர்கள் சிரித்தார்கள். முதலாளியும் சிரித்தார். அதுதான் என் தங்கை மகளுக்குப் பொறுக்கவில்லை.

மீதி ஒன்பது ரூபாய். ஒற்றை இலக்கம், இனி எதை இடம் மாற்றிப் போட முடியும்? ஒரு துண்டுத் தாளில் ‘9’ என்று பெரிதாக எழுதி மேசைமேல் வைத்தாள்.

அவர் ஆறு ரூபாய் அனுப்பினார்.

“தாளை நீ உன் பக்கம் பார்த்து வச்சிருந்தே. எனக்கு ஆறுன்னுதான் தெரிஞ்சுது.”

“சார், மூணு ரூபாய்க்காக முப்பது பேர் சும்மா உட்கார்ந்திருக்காங்க. இந்த வாரம் சரக்குப் போகலைன்னா நம்ம பெரிய வாடிக்கையும் போயிடும். நாளைக்கும் இதே கூத்துன்னா நான் வேலைக்கு வரமாட்டேன்.”

“நாளைக்கு ஒருநாள் மட்டும் வந்துடும்மா,” என்றார் அவர்.

மறுநாள் காலை வழக்கம்போல் தொலைபேசி ஒலித்தது. ஆனால், அந்த அம்மாளின் குரலில் கோபம் இல்லை.

“உங்க முதலாளியை வாய்க்கு வந்தபடி பேசிட்டேம்மா. மன்னிச்சுக்கச் சொல்லு. எல்லாக் கணக்கும் முடியற அன்னிக்கே என்னை வீட்டுக்கு அனுப்பறதா இங்கே புதுசா வந்தவர் சொல்லிட்டார். உங்க கணக்கு ஒண்ணுதான் பாக்கி.”

“ஐயோ! இதை ஏன் அக்கா முன்னாடியே சொல்லலை?”

“சொன்னா, நானே வேணும்னு இழுத்தடிச்ச மாதிரி ஆயிடாதா? எங்க கம்பெனியிலே பத்து வருஷம் முடிஞ்சாத்தான் விலகும்போது மொத்தமா ஒரு தொகை கொடுப்பாங்க. அது நேத்தோட முடிஞ்சுது. உங்க முதலாளிக்கு எண்ணே தெரியாதது என் அதிர்ஷ்டம்.”

அவள் தொலைபேசியை வைத்தாள். கணினியின் முன்னால் அமர்ந்திருந்த முதலாளி திரும்பாமலே கேட்டார்.

“அந்த அம்மாவுக்குப் பத்து வருஷம் முடிஞ்சுதாமா?”

“சார்… உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“அந்தப் புது ஆள் இங்கே விலை பேச வந்தப்போ, இப்படி ஒரு செலவை மிச்சம் பிடிக்கப் போறேன்னு பெருமையா சொன்னான். அந்த அம்மாகிட்டே இதெல்லாம் உளறி வைக்காதே. முழிச்சுக்கிட்டு நிக்காம என் ஃபோன்ல ஓடிபி வந்திருக்கு பாரு, படி.”

அவள் ஒவ்வோர் எண்ணாகப் படித்தாள். அவர் ஒருமுறைகூடத் தடுமாறாமல் அடித்து முடித்தார். திரையில் தெரிந்தது: பணம் அனுப்பப்பட்டது, மூன்று ரூபாய்.