சீவாத மரங்கள்

மலாயா ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி சில்வெஸ்டர், மதராஸ் அறிவியல் இதழ் ஒன்றுக்கு மாதந்தோறும் கேள்வி எழுதுவார். மின்மினிகள் ஏன் சேர்ந்தே மின்னுகின்றன என்று அவர் கேட்டது அச்சில் வந்திருக்கிறது. இம்முறை, சீவாத ரப்பர் மரம் பால் விடுமா என்று கேட்டிருந்தார்.

கம்யூனிஸ்டுகளுக்கு எதிரான அவசரகாலத்தில், தொழிலாளர் குடியிருந்த லயத்தைச் சுற்றி முள்வேலி போட்டிருந்தார்கள். வேலிக்கு வெளியே, ஆற்றோர ரப்பர் நிரையில் பாலுக்குப் பட்டை சீவி மரம் வெட்டிய வேலம்மா குண்டடி பட்டு இறந்தபின் அங்கே யாரும் போகவில்லை. ஆனாலும் மரத்தில் பால் பிடிக்கக் கட்டிய மங்குகளில் தினமும் புதுப்பால் நிற்பதை ரோந்துக்காரர்கள் பார்த்தார்கள். தடையை மீறி வேலி தாண்டுகிறவன் அவள் புருஷன் உடையப்பன்தான் என்று பிடித்துக்கொண்டு போனார்கள்.

“மரம் தானா விடும்னு பதில் வந்தா, காட்டி அவன மீட்டுடலாம் லா” என்றார் கிராணி, மரம் வெட்டுகிறவர்களை மேற்பார்க்கும் மண்டோர் கார்த்திகேசுவிடம்.

பதில் வந்தது. “விடாது. யாரோ சீவுகிறார்கள்.”

உடையப்பன் இன்னும் லாக்கப்பில்தான் இருந்தான். இருவரும் அனுமதி வாங்கி, காலையில் ஆற்றோர நிரைக்குப் போனார்கள். மங்குகள் நிறைந்திருந்தன. மரத்தடியில் ஈரச் சீவல் கிடந்தது. புதுப்பட்டையில் கோடுகள் வழக்கத்துக்கு மாறாக, வலமிருந்து இடமாக இறங்கியிருந்தன.

மண்டோர் ஒரு கோட்டை விரலால் தடவிப் பார்த்தார்.

“இடக்கையால வெட்டாத, வேலம்மானு எத்தன தடவ சொல்லியிருக்கேன்” என்றார்.